கார்த்திகையில் ஒரு வெள்ளைச் சுவர்!

அமெரிக்காவில் மொத்தம் 50 மாநிலங்கள். 2014-ம் வருஷம் நவம்பர் 18-ந் தேதி, செவ்வாய்க்கிழமை, அந்த ஐம்பதிலும் எங்காவது ஓரிடத்தில் தண்ணீர் உறைகிற குளிர் பதிவானது. அலாஸ்கா, சரி. மின்னஸோட்டா, சரி. ஃப்ளாரிடாவிலுமா என்றால், ஆமாம், அதன் வடகோடியில். ஹவாய்த் தீவில்? அங்கேயும்தான்! மௌனா கேயா என்று ஒரு மலை இருக்கிறது. உச்சி கிட்டத்தட்ட 13,800 அடி. அதன் உபயத்தில் ஹவாயும் லிஸ்ட்டில் சேர்ந்துவிட்டது. (இது கொஞ்சம் அழுகுணி ஆட்டம்தான். கொடைக்கானலில் ஸ்வெட்டர் போட்டால் மதுரையிலும் குளிர் என்று சொல்கிற மாதிரி.)

அதற்கு முந்தின நாள் காலையில் அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்காவில் ஏறக்குறைய பாதி நிலம் பனி மூடிக் கிடந்தது. ஜனவரியில் இதெல்லாம் நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இது நவம்பர். காலண்டர்படி அவர்களுடைய குளிர்காலம் பிறக்க இன்னும் ஒரு மாசம் பாக்கி.

நானும் என் மனைவியும் அப்போது அங்கேதான் இருந்தோம். நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரத்தில். நியூயார்க் என்றதும் கையில் தீவட்டியோடு நிற்கும் சுதந்திர தேவியை நினைக்காதீர்கள். அது அந்தக் கோடி. இது இந்தக் கோடி, நயாகராவுக்குப் பக்கம். நகரத்துக்கு வடக்கே ஆம்ஹெர்ஸ்ட் என்ற புறநகரில் மகள் வீடு. தலைப்பிரசவம். டிசம்பர் இரண்டாம் வாரம் என்று டாக்டரம்மா தேதி கொடுத்திருந்தாள். அந்தக் காலம் என்றால் பெண் பிறந்தகம் வருவாள். இப்போது பிறந்தகமே பிரசவ லேகியம் சகிதம் விமானம் ஏறிப் போகிறது.

அடுத்த வீட்டுக்காரர் ஒரு தனிக்கட்டை. எழுபது தாண்டியவர், மின்னஸோட்டாவிலிருந்து வந்து குடியேறியவர். மங்கிக் குல்லாயும் மஃப்ளருமாக நான் வாக்கிங் போவதைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பாணி. போன முதல் வாரமே என்னிடம் சொன்னார்: "ஜனவரிக் குளிருக்குப் பயப்படாதே. அப்போது எல்லோரும் ரெடியாக இருப்பார்கள், ஏரி உட்பட. ஆளைக் கொல்வது நவம்பர்தான்."

ஏரி ரெடியாக இருக்குமா? கிழவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பதினைந்தே நாளில் அர்த்தம் புரிந்தது.

கதை ஆரம்பித்தது அமெரிக்காவில் இல்லை. பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே, நடுக்கடலில். அக்டோபர் கடைசியில் அங்கே ஒரு புயல் உருவானது. பெயர் நூரி. மலேசியாக்காரர்கள் கொடுத்த பெயர், ஒரு வகைக் கிளியாம். நவம்பர் முதல் வாரம் கிளி ராட்சஸ சைஸுக்கு வளர்ந்து, ஜப்பான் பக்கம் போய், ஊருக்குள் நுழையாமல் வடக்கே திரும்பிவிட்டது. அத்தோடு தொலைந்தது என்று பார்த்தால், வெப்பக்கடல் புயல் என்ற வேஷத்தைக் கலைத்துவிட்டு, குளிர்ப் பிரதேசப் புயலாக மறுஜன்மம் எடுத்து, அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் கடலில் நவம்பர் 8-ந் தேதி வாக்கில் 924 மில்லிபார் என்று காற்றழுத்தத்தைப் பாதாளத்துக்கு இறக்கியது. அந்த வட்டாரத்தில் அதுவரை பதிவான எண்களையெல்லாம் முறியடித்த எண்.

அங்கே ஆள் நடமாட்டம் குறைவு. பெரிய சேதம் இல்லை. வினை வேறு இடத்தில் விடிந்தது. முப்பதாயிரம் அடி உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக 'ஜெட் ஸ்ட்ரீம்' என்று ஒரு காற்று ஆறு ஓடுகிறது. வடக்கே துருவக் குளிர், தெற்கே கதகதப்பு, இரண்டுக்கும் நடுவில் அதுதான் வேலி. கொடியில் காயும் எட்டு முழ வேஷ்டியை ஒரு முனையில் பிடித்து உதறினால் மறுமுனை எகிறுகிறதா இல்லையா? நூரி செய்தது அந்த உதறல்தான். அலாஸ்கா பக்கம் வேலி மேலே எகிறியது. அமெரிக்கா பக்கம் கீழே தொங்கிவிட்டது. தொங்கின பள்ளம் வழியாக துருவக் காற்று சரிந்து இறங்கியது. விளைவு, அலாஸ்காவில் வழக்கத்தைவிடக் கதகதப்பு. அதற்குத் தெற்கே எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நடுக்கம்!

டென்வர் நகரத்தில் நவம்பர் 10-ந் தேதி பாரன்ஹீட் 60 டிகிரிக்கு மேல். நம்ம ஊட்டி மாதிரி சுகமான நாள். அப்புறம் இரண்டு மூன்று நாளில் மைனஸ் 14. செல்ஷியஸில் சொன்னால் மைனஸ் 26 சமீபம். வயோமிங் மாநிலத்து காஸ்பரில் மைனஸ் 27 பாரன்ஹீட். டி.வி.யில் 'போலார் வோர்டெக்ஸ்', 'போலார் வோர்டெக்ஸ்' என்று நாள் முழுக்க ஒரே ஜபம். என் மனைவி சமையலறையிலிருந்து, "யாருங்க அந்த ஆளு, தேர்தல்ல நிக்கிறாரா?" என்றாள்.

இப்போது ஏரிக்கு வருகிறேன். பஃபலோ இருப்பது ஈரி என்ற ஏரியின் கிழக்கு மூலையில். (ஈரி ஏரி, ஈரி ஏரி என்று வேகமாகப் பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள். பல் செட் போட்டவர்கள் வேண்டாம்.) ஏரி என்றால் நம் வண்டியூர்க் கண்மாய் இல்லை. நீளம் மட்டும் 240 மைல், கிட்டத்தட்ட மதுரையிலிருந்து விழுப்புரம் தாண்டும். அங்குள்ள ஐந்து பேரேரிகளில் இதுதான் ஆழம் குறைந்தது. அதனால் நல்ல குளிர்காலத்தில் மற்ற ஏரிகளுக்கு முன்னால் உறைந்து மூடி போட்டுக்கொள்ளும்.

ஆனால் நவம்பர் மத்தியில் மூடி ஏது? கோடையில் வாங்கி வைத்த சூடு தண்ணீரில் மிச்சம் இருக்கிறது. அன்றைக்கு ஏரித் தண்ணீர் 9 டிகிரி செல்ஷியஸ். அதற்கு மேலே ஐயாயிரம் அடி உயரத்தில் ஓடின காற்று மைனஸ் 15 சுமார். இரண்டுக்கும் 13 டிகிரி வித்தியாசம் இருந்தாலே போதும், ஏரி ஆவியைக் காற்றில் ஏற்ற ஆரம்பித்துவிடும் என்பது வானிலைக்காரர்கள் கணக்கு. இங்கே 24! மார்கழி விடியலில் வெந்நீர் அண்டாவைத் திறந்தால் குப்பென்று ஆவி எழும்புமே, 240 மைலுக்கு ஒரு அண்டா திறந்து கிடந்தது.

காற்று ஏரியின் குறுக்கே அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிக்கு, நீளவாக்கில் அடித்தது. வழி நெடுக ஈரம் குடித்து, கரை ஏறியவுடன் மொத்தத்தையும் கொட்டியது. நம்மூர் வடகிழக்குப் பருவமழையும் இதற்குச் சித்தப்பா பிள்ளைதான். நிலத்துக் காற்று வங்காள விரிகுடாவில் குளித்துவிட்டு வந்து நம் தலையில் துவட்டுகிறது. என்ன, நமக்கு மழையாக. அவர்களுக்குப் பஞ்சாக.

கிழவர் சொன்னது இதைத்தான். ஏரி உறைந்துவிட்டால் கடையடைப்பு. ஆவி இல்லை, பனி இல்லை. (அதற்கும் விதிவிலக்கு உண்டு. 1977 ஜனவரியில் உறைந்த ஏரி மேல் குவிந்து கிடந்த பனியைக் காற்று வாரிக்கொண்டு வந்து இதே பஃபலோவைப் புதைத்திருக்கிறது. அது வேறு கதை.) முந்திக்கொண்டு வருகிற குளிர்தான் ஏரியைத் தூங்காத நேரம் பார்த்துப் பிடிக்கிறது.

17-ந் தேதி திங்கட்கிழமை. நம்மூரில் கார்த்திகை பிறந்து ஐயப்பனுக்கு மாலை போடுகிற சமயம். சாயந்திரம் மாப்பிள்ளை நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பினார். அவர் கம்பெனி ஊருக்குத் தெற்கே, இருபது மைல். அடிக்கணக்கில் பனி விழும் என்று வானிலை ஆபீஸ் எச்சரித்துத்தான் இருந்தது.

"போய்த்தான் ஆகணுமா, மாப்பிள்ளை?" என்றேன்.

"இங்க ஸ்நோவுக்கெல்லாம் லீவு கேட்டா சிரிப்பாங்க மாமா. காலைல ஏழு மணிக்கு வந்துடுவேன்" என்றார்.

காலை ஏழு மணிக்கு வாசலில் போய் நின்றேன். சாலையில் மாவு சலித்த மாதிரி கொஞ்சம் பனி. தலைக்கு மேலே நல்ல நீலம். வெயில்கூட அடித்தது. தெற்கே பார்த்தேன். சுவர்.

வேறு வார்த்தை தெரியவில்லை. தரையிலிருந்து ஆகாசம் வரைக்கும் வெள்ளையும் சாம்பலுமாக ஒரு மதில், கிழக்கும் மேற்குமாக. ஓரம் கத்தியால் நறுக்கினாற்போல். உள்ளே அவ்வப்போது மின்னியது. பனியில் இடி மின்னலை அன்றைக்குத்தான் பார்த்தேன். பக்கத்தில் நின்ற கிழவர், "அதற்குள்ளே இப்போது மணிக்கு மூன்று, நாலு அங்குலம் விழுகிறது" என்றார். நான் நின்ற இடத்தில் சூரிய நமஸ்காரம் செய்யலாம். ஏழெட்டு மைலில் ஆள் உயரம் பனி. பஃபலோவுக்கு வடக்கே சில அங்குலம். தெற்குப் புறநகரில் ஐந்தடி. நடுவில் சில மைல்தான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை.

போன் வேலை செய்தது, அது ஒன்றுதான் புண்ணியம். "பார்க்கிங்ல கார் எங்க இருக்குன்னே தெரியலை மாமா. பன்னெண்டு பேர் இருக்கோம். ஹீட்டர் ஓடுது. பயப்படாதீங்க, அவகிட்ட பக்குவமா சொல்லுங்க" என்றார். பக்குவமாகச் சொல்ல என்ன இருக்கிறது? மகள் ஜன்னலோரம் நின்று அந்த மதிலைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார்ஜ் மிச்சம் பிடிக்க மூன்று மணிக்கு ஒரு தடவைதான் பேச்சு. சாப்பாடு? காசு போட்டால் சிப்ஸும் சாக்லேட்டும் விழுகிற மெஷின் ஒன்று. செவ்வாய் ராத்திரியே சிப்ஸ் காலி. படுக்கை, கார்ப்பெட். ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டவர், "கார் வரைக்கும் தோண்டிட்டுப் போய் உள்ள உட்கார்ந்து ஹீட்டர் போட்டுக்கலாம்னு ரெண்டு பேர் சொல்றாங்க, அதுல ரேடியோவும் கேக்கலாம், போனுக்கும் சார்ஜ் ஏத்தலாம்" என்றார்.

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கிழவருக்கு மகள் அதை இங்கிலீஷில் சொன்னாள். அவர் எழுந்து நின்று போனைப் பார்த்துக் கத்தினார்: "போகாதே! புகைக் குழாயைப் பனி அடைத்திருக்கும். என்ஜினைப் போட்டால் அந்தப் புகை காருக்குள்ளேயே வரும். வாசனை இருக்காது. தூக்கம் வரும். அவ்வளவுதான்."

கார்பன் மோனாக்ஸைடு. போக வேண்டாம் என்று அங்கே செக்யூரிட்டிக்காரரும் தடுத்துவிட்டாராம். மறுநாள் செய்தியில் சொன்னார்கள்: கிழக்கே ஆல்டன் என்ற சிற்றூரில் பனிக்கடியில் புதைந்த காருக்குள் ஒருவர் இறந்து கிடந்தார். மகள் டி.வி.யை அணைத்துவிட்டாள். அதற்கப்புறம் மாப்பிள்ளை வந்து சேரும்வரை அந்த வீட்டில் யாரும் டி.வி. போடவில்லை.

அந்த வாரம் பஃபலோ பகுதியில் குறைந்தபட்சம் 13 பேர் செத்துப்போனார்கள். பல பேர் விறைத்துச் சாகவில்லை. வாசல் பனியை ஷவலால் தள்ளப் போய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்கள். பஞ்சு மாதிரி இருக்கிறதே என்று பார்க்கிறோம். ஈரப் பனி ஒரு ஷவல் தூக்கினால் அரை மூட்டை அரிசி கனக்கும். ஆறு மாசமாகச் சோபாவில் உட்கார்ந்திருந்த உடம்பு, குளிரில் சுருங்கின ரத்தக் குழாய், காலை வேளை. ஜனவரிக்குள் உடம்பு பழகிவிடும். முதல் பனிக்கு எங்கே பழகும்?

மாநில நெடுஞ்சாலையில் 132 மைலுக்குப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகள் சிக்கின. பிட்ஸ்பர்கில் விளையாடிவிட்டுத் திரும்பின நயாகரா பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து டீம் பஸ்ஸுக்குள்ளேயே சுமார் 30 மணி நேரம். சிலர் வாசல் கதவைத் திறந்தால் எதிரே கதவின் அச்சு அப்படியே பதிந்த வெள்ளைச் சுவர். பிரிட்ஜில் இடமில்லை என்று அதில் குழி தோண்டி பீர் பாட்டில் சொருகின மகானுபாவர்களும் உண்டு. புதன் ராத்திரி இரண்டாம் ரவுண்டு ஆரம்பித்தது. எல்லாம் முடிந்து அளந்தபோது கௌல்ஸ்வில் என்ற ஊரில் மொத்தம் 88 அங்குலம். என் உயரம் ஐந்தரை அடி. என் தலைக்கு மேல் ஒரு ஒன்றே முக்கால் அடி நிற்கும்.

அந்த ராத்திரி எங்கள் மூன்று பேருக்கும் தூக்கம் இல்லை. மகளுக்கு லேசாக வலி மாதிரி இருந்தது. பொய் வலி என்று ஆஸ்பத்திரியில் போனிலேயே சொன்னார்கள். எங்கள் பக்கம் சாலை திறந்திருந்ததால் எந்த நேரமும் கூட்டிப் போகலாம், அதனால் தைரியம். மதிலுக்கு அந்தப் பக்கமும் பிள்ளைத்தாய்ச்சிகள் இருந்திருப்பார்களே என்று என் மனைவிதான் நினைவுபடுத்தினாள். கிழவர் துணைக்கு வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் தன் ஊர்க் கதையைச் சொன்னார்.

1940, நவம்பர் 11. முதல் உலகப் போர் முடிந்த நினைவு நாள், லீவு. மின்னஸோட்டாவில் காலையில் சட்டையோடு திரிகிற மாதிரி இதமான நாள். மிஸிஸிப்பி ஆற்றின் நடுத்திட்டுகளுக்கு வாத்து சுடுவதற்கு நூற்றுக்கணக்கான பேர் படகில் போனார்கள். அன்றைக்கு வாத்துகள் வந்த வரத்து வாழ்நாளில் பார்த்ததில்லையாம், கூட்டம் கூட்டமாக. துப்பாக்கியைக் கீழே வைக்க மனசில்லை. வாத்துகள் எதற்கு முன்னால் பறந்து ஓடுகின்றன என்று யாரும் யோசிக்கவில்லை.

மத்தியானம் காற்று திரும்பியது. மழை, அப்புறம் பனிக்கட்டி, அப்புறம் பனிப்புயல். ஒரே நாளில் சில இடங்களில் 50 டிகிரி பாரன்ஹீட் இறக்கம். ஆற்றில் அலை எழும்பிப் படகுகள் கவிழ்ந்தன. திட்டில் மாட்டிக்கொண்டவர்கள் மேல் மெல்லிசு கோட்டு, அதுவும் நனைந்தது. ராத்திரி முழுக்க ஒருத்தரையொருத்தர் குத்திக்கொண்டும் ஓடிக்கொண்டும் இருந்தவர்கள் பிழைத்தார்கள். கொஞ்சம் உட்காரலாமே என்று உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. மறுநாள் வினோனா ஊர் விமானி மாக்ஸ் கான்ராட் தன் குட்டி விமானத்தில் ஆற்றின் மேல் தாழப் பறந்து, உயிரோடிருந்தவர்களைத் தேடிப் பிடித்து, தகர டப்பாவில் சாண்ட்விச்சும் தீப்பெட்டியும் விஸ்கியும் போட்டார். பல மாநிலங்களில் மொத்தம் ஏறக்குறைய 150 பேர் பலி. மின்னஸோட்டாவில் மட்டும் 49, அதில் பாதிக்குப் பாதி வாத்து வேட்டைக்காரர்கள். மிஷிகன் ஏரியில் மூன்று சரக்குக் கப்பல்கள் முழுகின.

அன்றைக்கு அந்தப் பகுதிக்கெல்லாம் வானிலை சொல்ல வேண்டிய சிகாகோ ஆபீஸில் ராத்திரியில் ஆள் கிடையாது! காலையில் வந்து பேனாவைத் திறப்பதற்குள் புயல் பாதி தூரம் வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் இருபத்து நாலு மணி நேர டியூட்டி, அந்தந்தப் பகுதிக்கே முன்னறிவிப்பு என்று மாற்றினார்கள்.

"எங்கள் அப்பாவும் போவதாக இருந்தது. படகு கொடுக்கிறேன் என்றவன் கொடுக்கவில்லை" என்றார் கிழவர். "அதனால் நான் இங்கே உட்கார்ந்து உன் வீட்டு டீயைக் குடிக்கிறேன்."

2014-ல் அறிவிப்பு இருந்தது, ஸாட்டிலைட் இருந்தது, ரேடார் இருந்தது. ஆனாலும் ஷிஃப்டு நேரம் மாறவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். கம்பெனிக்காரர்கள் சோற்றுப் பொட்டலமாவது வாங்கி வைத்திருக்கலாம். கேட்டால் மாப்பிள்ளை, "விடுங்க மாமா" என்கிறார். நான் விடுவதாக இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட வேலை பார்க்கும் ஒருவரின் மைத்துனர் பனிச் சறுக்கு ஸ்கூட்டரில் வந்து ஒவ்வொருவராக ஏற்றிப்போய்த் தன் வீட்டில் தங்கவைத்தார். அங்கே கிடைத்த பீன்ஸ் சூப்பைப் பற்றி மாப்பிள்ளை இன்றைக்கும் பேசுகிறார். சனிக்கிழமை சாயந்திரம் வீடு வந்தார். ஐந்து நாள் தாடி. மகள் ஒன்றும் பேசவில்லை. போய்க் குளித்துவிட்டு வரச் சொன்னாள். என் மனைவி ரசம் வைத்தாள்.

அந்த ஞாயிறு பஃபலோவில் நடக்கவிருந்த ஃபுட்பால் மாட்சை டெட்ராய்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்டேடியத்தில் அத்தனை பனி. உள்ளூர் டீம் ஆட்டக்காரர்களை வீடு வீடாகப் போய் ஸ்நோமொபைலில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த வாரம் சரியாகப் பயிற்சி எடுக்க முடியாமல் போன அந்த டீம் திங்கட்கிழமை 38-க்கு 3 என்று ஜெயித்தது! இனிமேல் பயிற்சியே வேண்டாம் என்று கோச்சிடம் யாராவது கேட்டார்களா, தெரியவில்லை.

அதே திங்கட்கிழமை வானம் இன்னொரு குரங்குத்தனம் செய்தது. தெற்கிலிருந்து சூடான காற்று, 60 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல். ஏழடி பனியும் ஒரேயடியாக உருக ஆரம்பித்தது. வெள்ள எச்சரிக்கை. பனி கனத்தில் ஏற்கெனவே கூரை இறங்கின வீடுகளில் இப்போது தண்ணீர் பயம். ஓடைகள் சில இடங்களில் கரை மீறின. பயந்த அளவுக்கு இல்லை. மாப்பிள்ளையின் கார் அந்த வாரக் கடைசியில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பேட்டரி செத்திருந்தது. மேலே ஒரு கீறல் இல்லை.

பேரன் டிசம்பரில் சொன்ன வாரத்தில் சமர்த்தாகப் பிறந்தான். அன்றைக்குப் பனியே இல்லை.

எட்டு வருஷம் கழித்து, 2022 நவம்பர் 17-ந் தேதி, அதே ஏரி, அதே காற்று, அதே தெற்குப் புறநகர். ஆர்ச்சர்ட் பார்க்கில் 80 அங்குலம். ஃபுட்பால் மாட்ச் மறுபடி டெட்ராய்ட்டுக்கு. நான் மதுரையிலிருந்து பதறிக்கொண்டு போன் போட்டேன். மாப்பிள்ளை முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"வீட்லதான் இருக்கேன் மாமா. புதன்கிழமையே லீவு சொல்லிட்டேன். சிரிச்சா சிரிச்சுக்கட்டும். இன்னொரு தடவை அந்தச் சாக்லேட் மெஷின் முகத்துல முழிக்க என்னால ஆகாது!"